உறங்காத பெட்டியும் ஒற்றைச் செருப்பும்

கதவுக்கு வெளியே யாரோ தாழ்ப்பாள் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஜெபசீலன் சாருக்குக் கேட்கவில்லை. அவர் லேப்டாப் திரைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கரண்டும் போய்விட்டது.

ஏ.சி. முனகி அடங்கியது. மேஜைமேல் இருந்த பெரிய கம்ப்யூட்டரின் திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது. கீழ்த்தளத்து லேத் பட்டறையில் ஜெனரேட்டரைக் கிளப்பினார்கள், எங்கள் காலடித் தரையே கிடுகிடுத்தது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் உயிரோடு இருந்தது. அதன் வெளிச்சத்தில் சாரின் வழுக்கையும் சித்திகாவின் பயந்த கண்களும் தெரிந்தன.

"தாப்பா போட்டுகினு பூட்டாங்க சார்," என்றேன்.

சார் போய்க் கதவை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. தூசி நுழையக் கூடாதென்று கதவின் ஓரமெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாளும் பிரவுன் டேப்பும். அதற்கு வெளியே இரும்புக் கம்பி, கம்பிக்கு அப்பால் தண்டவாளம். பீச்சுக்குப் போகும் எலக்ட்ரிக் டிரெயினைப் பார்த்துக் கத்தலாம். டிரெயின் நின்று விசாரிக்காது.

நான் குப்பன். தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் ஜெபசீலன் சார் ஒரு துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். மூளை அவருடைய டிபார்ட்மென்ட், வாய் என்னுடையது. அந்த ஏப்ரல் மாதப் பிற்பகலில் நாங்கள் மாட்டிக்கொண்டிருந்தது சானடோரியம் பக்கத்தில் சாம்பசிவன் என்பவர் நடத்திய சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில். ஒரு திருட்டை ஊர்ஜிதம் செய்துதரச் சொல்லி எங்களைக் கூப்பிட்டவரே அவர்தான்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் தமிழில் டைப் செய்ய அழகான எழுத்துகள் அந்தக் கம்பெனியில் தயாராகியிருந்தன. அ முதல் ஹ வரை, கொம்பு, சுழி, கால் எல்லாம் சேர்த்து, புள்ளி புள்ளியாகத் திரையிலேயே வரைந்தவை. பல்லாவரத்து அச்சகக்காரர் எலியேசர் அவற்றை வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். இன்று நான்கு மணிக்குக் கையெழுத்து. அந்த நேரம் பார்த்துக் கம்பெனியின் விற்பனை மேனேஜர் கேசவன், எல்லா எழுத்தும் தான் வரைந்தவை என்றும், ஆபரேட்டர் சித்திகா அவற்றைத் திருடித் தன் ஃபிளாப்பிகளில் வைத்திருக்கிறாள் என்றும் கிளப்பிவிட்டார். சித்திகாவோ வரைந்தது நான்தான் என்று அழுதாள். கையெழுத்து ஆனதும் அவள்மேல் போலீஸ் புகார் கொடுப்பதாகச் சாம்பசிவன் சொல்லியிருந்தார். திருடி என்று ஒரு தடவை பெயர் எடுத்த பெண்ணை எந்த ஆபீஸ் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைக்கும்?

கேசவனிடம் ஆதாரம் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சான் வாங்கிவந்த லேப்டாப். மடிக் கம்ப்யூட்டர் என்று பெயர்தானே தவிர, மடியில் வைத்தால் எழுந்திருக்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். ஆனால் அதற்குள் ஒரு சின்ன பேட்டரி இருந்தது. ஆஃப் செய்தாலும் உள்ளே கடிகாரம் ஓடும். ஒவ்வொரு எழுத்தையும் எந்தத் தேதியில் சேமித்தோம் என்று அதுவே எழுதிக்கொள்ளும். அதில் போன செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தேதி வரிசையாக நின்றது.

சித்திகா வேலை செய்த ஆபீஸ் கம்ப்யூட்டர் பழைய மாடல். அதில் கடிகார பேட்டரியே கிடையாது. தினமும் காலையில் ஆன் செய்ததும் இன்று என்ன தேதி என்று கேட்கும். பதில் சொல்லாமல் என்டர் தட்டினால் அதுவாக ஒரு தேதி வைத்துக்கொள்ளும், எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்று. ஆபீசில் முதலாளி முதல் ஆபரேட்டர் வரை எல்லோரும் என்டர் தட்டுகிற ஜாதி. அதனால் சித்திகாவின் ஃபிளாப்பிகளில் அத்தனை எழுத்தும் ஒரே தேதியில் பிறந்திருந்தன.

"இந்தப் பொண்ணு எல்லாத்தையும் ஒரே நாள்ல வரைஞ்சிகீது சார், அதுவும் மூணாங்கிளாஸ் படிச்சிகினு இருந்தப்ப," என்று காலையிலேயே சாரிடம் சொல்லியிருந்தேன். சித்திகாகூடச் சிரித்துவிட்டாள். இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அறைக்குள் காற்று அதற்குள் கனத்துவிட்டது. நான் கதவைக் கையால் தட்டினேன், காலால் உதைத்தேன், கடைசியில் தலையால் முட்டலாமா என்றுகூட யோசித்தேன். ஜெனரேட்டர் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது. எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே எனக்கு மூடிய அறை ஆகாது.

"டீ வருமில்ல சார்," என்றாள் சித்திகா. "செல்லம்மாக்கா வந்துடுவாங்க."

செல்லம்மாவுக்கு மாடிப்படிக்குக் கீழே டீக்கடை. தூசி வந்துவிடுமென்று கம்ப்யூட்டர் அறைக்குள் அவளை விடமாட்டார்கள். நாங்களும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தோம். செல்லம்மா வாசலில் எத்தனை ஜோடி கிடக்கிறதென்று பார்ப்பாள், அத்தனை கிளாஸ் ஊற்றி வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவாள். உள்ளே யார் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாம், செருப்புக் கணக்குப் போதும்.

நான் தரையில் படுத்து, கதவின் அடி ஸ்பாஞ்சைக் கொஞ்சம் பிய்த்துக் கண்ணை வைத்தேன். வாசல் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு செருப்புகூட இல்லை.

பூட்டியவன் கெட்டிக்காரன். செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. செல்லம்மா வருவாள், பார்ப்பாள், திரும்பிப் போவாள். நான்கு மணிக்கு எலியேசர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அதற்குப் பிறகு நாங்கள் என்ன கண்டுபிடித்தால் என்ன?

நான் எழுந்து உட்கார்ந்து கேசவனைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினேன். சார் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். லேப்டாப்பின் ஓரத்தில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியிருந்தது. சார்ஜர் கேசவனின் பையில் இருக்கிறது, விளக்கு மினுக்கினால் பேட்டரிக்கு இன்னும் சில நிமிஷம்தான் உயிர் என்று சித்திகா சொன்னாள்.

"அப்போ திட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம்," என்றார் சார். "இவ்வளவு சுத்தமா தேதி வெச்சிருக்கிறவன் மேல எனக்கு நம்பிக்கை இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமைகூட இல்ல பாரு. தீபாவளி இல்ல. கிறிஸ்துமஸ் இல்ல."

சித்திகாவின் எழுத்துகளைக் கேசவன் ஒரு கேபிள் போட்டு லேப்டாப்புக்கு இழுத்திருப்பார். பிறகு லேப்டாப் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பி, ஒரு தேதி வைத்து ஒரு எழுத்தைச் சேமித்து, அடுத்த தேதி வைத்து அடுத்த எழுத்தைச் சேமித்து, இப்படி நாலு மாசத்தை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து தயாரித்திருக்கலாம். லீவு நாள் எதிலும் மாட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் சாரின் ஊகம். ஊகத்தை வைத்துக்கொண்டு எலியேசரின் பேனாவை நிறுத்த முடியாது.

வேறெந்த நாளாவது ஆபீஸ் லீவு விட்டதா என்று சித்திகாவைக் கேட்டார். இல்லை என்றாள். எந்த எழுத்தை வேண்டுமானாலும் கேளுங்கள் சார், எப்படி வரைந்தேன் என்று சொல்கிறேன் என்றாள். 'ஞ' ஒன்றுக்கு மட்டும் ஒரு வாரம் ஆனதாம். பாதி வரைந்து நிற்கும்போது முதலாளி மிஷினை அணைக்கச் சொல்லிவிட்டாராம். அஞ்சே நிமிஷம் என்று கெஞ்சியும் விடவில்லையாம்.

"ஏன் அணைக்கச் சொன்னார்?" என்றார் சார்.

"மறுநாள் ஆயுத பூஜை சார். அன்னிக்கு மிஷினுக்கெல்லாம் ரெஸ்ட் கொடுக்கணும்னு சொல்லிட்டார்."

"ஆயுத பூஜைக்கு லீவு விட்டதா நீ சொல்லவே இல்லையேம்மா."

"லீவு இல்ல சார். எல்லாரும் வந்தோம். பொட்டு வெச்சு மாலை போட்டார், பொரி சுண்டல் கொடுத்தார், எங்க வீட்டுக்குக்கூட ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். ஆனா மறுநாள் அவர் எடுத்துக் கொடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் எதையும் தொடக் கூடாது."

சார் என்னைப் பார்த்தார். நான் ஏற்கனவே சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். போன வருஷம் குரோம்பேட்டை ஸ்வீட் கடையில் கொடுத்த காலண்டர் அட்டை, ஒரு பக்கம் முருகன், மறு பக்கம் பன்னிரண்டு மாசம். வருஷம் முடிந்த பிறகும் முருகனைத் தூக்கிப்போட மனசு வராமல் வைத்திருந்தேன். லேப்டாப் வெளிச்சத்தில் அதைச் சாய்த்துப் பிடித்தேன். அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை, சிவப்பு மையில் ஆயுத பூஜை.

சார் திரையை மெதுவாக நகர்த்தினார். அக்டோபர் பதினைந்து, ஒரு எழுத்து. பதினாறு, ஒரு எழுத்து. பதினேழு.

அங்கேயும் ஒரு எழுத்து இருந்தது.

லீவு நாளை எல்லாம் ஞாபகம் வைத்திருந்த மனிதர், ஆபீசுக்கு வந்தும் வேலை செய்யாத நாள் ஒன்று உண்டு என்பதை மறந்துவிட்டார். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குள் சார் படக்கென்று லேப்டாப்பை அணைத்துவிட்டார். இருட்டு மூஞ்சியில் அறைந்தது.

"ஐயோ சார், இன்னா பண்றீங்க?"

"மிச்சம் இருக்கிற உயிர் எலியேசருக்கு," என்றார் இருட்டுக்குள்ளிருந்து.

பிறகு நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அதுதான் கொடுமை. பதில் கையில் இருக்கிறது, கதவு திறக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூச்சை இழுத்தால் கார்ப்பெட் வாசனைதான் வந்தது. ஒரு டிரெயின் போனது, இன்னொன்று போனது. சித்திகா பக்கத்தில் சத்தமில்லாமல் அழுதாள். ஆறுதல் சொல்லத் தெரியாமல் காலண்டர் முருகனை அவள் கையில் கொடுத்தேன், பிறகுதான் அவள் சித்திகா, முஸ்லிம் வீட்டுப் பெண் என்பது உறைத்தது. அவள் வாங்கி விசிறிக்கொண்டாள்.

"குப்பா," என்றார் சார் திடீரென்று. "காலையில உன்னை நான் கிண்டல் பண்ணேனே. உன் இன்னொரு செருப்பு எங்கே?"

நான் இருட்டில் துள்ளி எழுந்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் புதுச் செருப்பைப் பறிகொடுத்து, வெறுங்காலோடு வீடு வந்த நாளிலிருந்து நான் இரண்டையும் ஒரே இடத்தில் விடுவதில்லை. ஒன்று வாசலில், ஒன்று வேறு எங்காவது. ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான்? அன்றைக்கும் இடதை அறை வாசலிலும் வலதை மாடித் திருப்பத்தில், தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிக்குப் பின்னாலும் விட்டிருந்தேன். செல்லம்மா அதைப் பார்த்து, உன் காலை எவனாவது திருடிக்கினு போவப்போறான், அதையும் பிரிச்சி வைய்யி என்று நக்கலடித்தாள்.

பூட்டியவன் வாசலில் இருந்ததை எல்லாம் அள்ளியிருப்பான். ஒன்று ஒற்றையாக இருந்ததை அவசரத்தில் கவனித்திருக்கமாட்டான். அல்லது கவனித்துத் தேடி எடுத்திருப்பான். எங்கள் மூன்று பேர் நிலைமையும் ஒரு தேய்ந்த ரப்பர் செருப்பில் தொங்கியது.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது, கதவு திறந்தது, வெளிச்சத்தில் கண் கூசியது. வாசலில் செல்லம்மா, ஒரு கையில் டீத் தட்டு, இன்னொரு கையில் என் வலது செருப்பு.

வாசலில் ஜோடி எதுவும் இல்லையே என்று இறங்கிப் போகும்போது மணல் வாளிக்குப் பின்னால் இதைப் பார்த்தாளாம். "ஒத்தக் கால்ல நொண்டிகினா வூட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சேன்," என்றாள். "அப்பால தோணிச்சு, உள்ளதான் கீறான்னு."

நான் அவள் காலில் விழாத குறை. பிறகு கையை முறுக்கிக்கொண்டு, அந்தக் கேசவன் எங்கே என்றேன்.

"அவர் இன்னாத்துக்கு? அவர் ஸ்டேஷன்லருந்து அச்சாபீஸ்காரரை இட்டுகினு இப்பத்தானே வந்தாரு," என்றாள் செல்லம்மா. "உங்க செருப்பெல்லாம் மொதலாளி ரூம்ல, டேபிளுக்கு அடியில கீது. டீ வெக்கப் போனப்ப பாத்தேன். அங்க இன்னாத்துக்குப் போய் வுட்டீங்க?"

முறுக்கிய கையை நான் தொங்கவிட்டேன். சார் மட்டும் மெதுவாகத் தலையாட்டினார். எழுத்துகள் சித்திகாவுடையவை என்று தோன்றுகிறது, எலியேசர் வருவதற்குள் நிரூபிக்கிறேன் என்று மதியம் அவர் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தார். அந்த ஒருவர்தான், இன்னொரு தரம் உட்கார்ந்து பாருங்களேன் என்று எங்களை அன்போடு இந்த அறைக்குள் அனுப்பிவைத்தவர். சித்திகாவையும் உதவிக்கு என்று உள்ளே அனுப்பியதும் அவரேதான்.

"நான் பேசற வரைக்கும் நீ பேசாதே," என்றார் சார். லேப்டாப்பைத் தூக்கி என் தோளில் வைத்தார். மூன்று பேரும் வெறுங்காலோடு முதலாளி அறைக்குப் போனோம்.

சாம்பசிவன் எங்களைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்தார். நெற்றியில் விபூதி, தலைக்குமேல் சுவரில் சந்தனப் பொட்டு வைத்த சரஸ்வதி படம். எதிரே கேசவன். பக்கத்தில் வெள்ளைச் சட்டை எலியேசர், கையில் மூடி கழற்றிய பேனா. ஒப்பந்தத் தாள் மேஜைமேல் விரிந்திருந்தது. மேஜைக்கு அடியில் என் இடது செருப்பு என்னைப் பார்த்தது.

கதவு காற்றில் சாத்திக்கொண்டுவிட்டது என்று சார் சிரித்துக்கொண்டே சொன்னார். சாம்பசிவனும் வேர்த்துக்கொண்டே சிரித்தார். சார் எலியேசருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, சரஸ்வதி படத்தைப் பார்த்தார்.

"போன ஆயுத பூஜையை ரொம்ப விமரிசையா பண்ணீங்களாமே சார். சித்திகா சொல்லிச்சு."

சாம்பசிவனுக்கு மூச்சு வந்தது. பேச்சு வேறு எங்கோ போகிறதென்று நினைத்துவிட்டார். வருஷா வருஷம் பண்ணுவது வழக்கம் என்றார்.

"மிஷினெல்லாம் வெச்சீங்களா? இல்ல, பெரிய கம்ப்யூட்டருக்கு மட்டுமா?"

"ஒண்ணு விடமாட்டேன் சார்," என்றார் அவர், பெருமையாக. "ஸ்டேப்ளர்கூட பூஜையில இருக்கும். கேசவன் லேப்டாப்புக்கு நான்தான் பொட்டு வெச்சேன். முதல் நாள் சாயந்தரமே எல்லாத்தையும் வாங்கி சாமி ரூம்ல வெச்சுப் பூட்டிடுவேன். விஜயதசமி காலையில என் கையால எடுத்துக் கொடுத்தாத்தான் உண்டு. அது வரைக்கும் ஒருத்தரையும் தொட விடமாட்டேன்."

கேசவனின் முகம் மாறியது. அவருக்குப் புரிந்துவிட்டது. முதலாளிக்கு இன்னும் புரியவில்லை.

சார் லேப்டாப்பை மேஜைமேல் வைத்துத் திறந்தார். ஆன் ஆனது. சிவப்பு விளக்கு படபடவென்று மினுக்கியது. எலியேசர் கண்ணாடியை இறக்கிக் குனிந்தார். சார் அக்டோபர் பதினேழில் விரலை வைத்தார், நான் சித்திகாவிடமிருந்து காலண்டர் அட்டையை வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். முருகன் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

"சாமி ரூம்ல பூட்டியிருந்த பெட்டிக்குள்ள, பூஜை அன்னிக்கு ஒரு எழுத்தை யார் வரைஞ்சது?" என்றார் சார்.

பேட்டரி செத்தது. திரை அணைந்தது. பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள்.

லேப்டாப்பில் தேதி சில சமயம் தப்பாகக் காட்டும் என்றார் கேசவன். அப்படியானால் மற்ற தேதிகளும் தப்புதானே என்றார் சார், உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி இந்தக் கடிகாரம் அல்லவா? தேதி சரி என்றால் பெட்டி சாமி ரூமில் இருந்தது. தேதி தப்பு என்றால் ஆதாரமே இல்லை. இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். கேசவன் மாட்டிக்கொண்டதைப் பார்க்க எனக்குப் பரம சந்தோஷமாக இருந்தது.

நான் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சித்திகாவின் ஜோடி, சாரின் ஜோடி, என் ஒற்றை. எலியேசர் அவற்றைப் பார்த்தார், பிறகு சாம்பசிவனைப் பார்த்தார்.

சாம்பசிவன் தலை குனிந்தார். எழுத்து தன் பெயரில் விற்றால் புது முதல் போட்டு என்னோடு கூட்டு சேர்வதாகக் கேசவன் சொன்னார், இது கைவிட்டுப் போனால் ஆபீசை மூட வேண்டியதுதான், அந்தப் பயத்தில் பண்ணிவிட்டேன் என்றார். பூஜையைப் பற்றிச் சொன்னதை மாற்றிச் சொல்லலாமே என்று கேசவன் அவர் காதோரம் குனிந்து முணுமுணுத்தது எனக்கே கேட்டது.

"அதை மட்டும் என்னால மாத்திச் சொல்ல முடியாதுப்பா," என்றார் சாம்பசிவன்.

மனிதர்களைக் காற்றில்லாத அறையில் போட்டுப் பூட்டலாம், சரஸ்வதி படத்துக்குக் கீழே உட்கார்ந்து பூஜையைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. அவருக்கென்று ஒரு சட்டம். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

எலியேசர் பேனாவை மூடினார். ஒப்பந்தத்தைச் சித்திகா பெயர் போட்டு மறுபடி டைப் செய்து கொடுத்தால் கையெழுத்துப் போடுகிறேன், இல்லையென்றால் பல்லாவரத்துக்கு இப்போதே டிரெயின் இருக்கிறது என்றார். புகார் என்ற வார்த்தையை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

கரண்ட் வந்தது. கீழே ஜெனரேட்டர் ஓய்ந்தது. சித்திகா கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள், நாங்களும் பின்னால் போனோம். கதவை நான் திறந்தே வைத்தேன், தூசி வந்தால் வரட்டும். பெரிய கம்ப்யூட்டர் விழித்து, வழக்கம்போல இன்று என்ன தேதி என்று கேட்டது. அவள் சுண்டுவிரல் பழக்கத்தில் என்டருக்குப் போனது. பிறகு நின்றது.

துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைய தேதியை, நாள், மாதம், வருஷம் எல்லாம் பார்த்துப் பார்த்து நிதானமாக அடித்தாள்.